சந்தம்மாளுக்கு வளைகாப்பு

ஒரு தலைக்குள்ளே வட்டமாக ஒரு தெரு இருந்தது. அப்படி ஒரு தெரு உங்கள் தலையிலும் இருக்கிறது, என் தலையிலும் இருக்கிறது. மூளைக்கு அடியில், கண்ணுக்குச் சற்றுப் பின்னால், ரத்தக் குழாய்கள் எல்லாம் கைகோத்து நிற்கிற தெரு. நாம் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்லும் தெரு கோவில்பட்டி செண்பகவல்லியின் தலைக்குள் இருந்தது. செண்பகவல்லிக்கு வயது நாற்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தன் பள்ளிக்கூடத்து அடுப்பு போதாதென்று பக்கத்து இரண்டு பள்ளிக்கூடங்களையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்து வந்தாள். யார் எந்த வேலையைக் கொண்டுவந்து தலையில் கட்டினாலும், "அதுக்கென்ன, நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடமும் அதையேதான் சொன்னாள். மாத்திரை அட்டை பருப்பு டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

தலைக்குச் சொந்தக்காரி எப்படியோ, தலைக்குள் இருந்தவர்களும் அப்படியே.

தெருவுக்குப் பெரியவர் கழுத்தார். கழுத்து வழியாக ரத்தத்தை ஏற்றிக் கொண்டுவரும் தடித்த குழாய். நெஞ்சிலிருந்து நேரே வருகிறவர் என்பதால் குரல் கொஞ்சம் உயரம். தப்பாகச் சொன்னாலும் சத்தமாகச் சொல்வார்; சத்தமாகச் சொன்னதால் அது சரியென்று தெருவே தலையாட்டும்.

அவரிடமிருந்து பிரிந்து பின்பக்கம் போகும் சந்துதான் சந்தம்மாள். சந்தின் அந்த முனையில் நூலான் இருந்தான். பின்கழுத்துப் பக்கத்திலிருந்து வருகிற குழாய் அவன்.

முறைப்படி பார்த்தால் சந்தம்மாளுக்கு வேலையே கிடையாது. பெரும்பாலான தலைகளில் அவளைப் போன்ற சந்துகள் மெலிந்து, ஓய்ந்து, சும்மா கிடக்கும். ஆனால் பிள்ளை தாய் வயிற்றில் இருக்கும்போது கதை வேறு. அப்போது தலையின் பின்கட்டிலுள்ள பார்வை வீட்டுக்கு இந்தச் சந்து வழியாகத்தான் ரத்தம் போகும். பிறகு பின்பக்கத்துக் குழாய் வளர்ந்து ஆளாகி, "நீ போய் இளைப்பாறு, இனி என் பாடு" என்று பொறுப்பை வாங்கிக்கொள்ளும்.

செண்பகவல்லியின் தலையில் வலது பக்கம் அப்படி யாரும் வந்து பொறுப்பை வாங்கவில்லை. வாங்க வேண்டிய நூலான் நூலாகவே நின்றுவிட்டான்.

"ஏல, நீ எப்பல வளந்து எங்கிட்ட இருந்து வேலைய வாங்கிக்கிடப் போற?" என்று சந்தம்மாள் அவ்வப்போது கேட்பாள்.

"வளந்தது இம்புட்டுத்தாங்க்கா. இதுக்கு மேல இழுத்தா அறுந்துருவேன்" என்பான் நூலான்.

"சரி போ. நான் பாத்துக்கிடுதேன்."

இப்படியே நாற்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது. ஓரத்துச் சந்தாக இருக்க வேண்டியவள் பெரிய ரோடு செய்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தாள். இதில் நூலான் மேலும் குற்றமில்லை, சந்தம்மாள் மேலும் குற்றமில்லை. எத்தனையோ தலைகளில் இப்படிக் கோணல்மாணலாகத்தான் குழாய்கள் பிறக்கின்றன. அந்தத் தலைகளும் பேரன் பேத்தி கல்யாணத்தில் சந்தனம் பூசிக்கொள்கின்றன. ஆனால் இந்தத் தலைக்கு மாத்திரை சாப்பிடுகிற பழக்கம் இல்லையே!

ஒருநாள் சந்தம்மாள் கழுத்தாரைக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"எங்கன?"

"உங்ககிட்ட இருந்து நான் பிரியுற மூலையில. ரத்தம் வந்து மோதி உள்ளுக்குள்ளேயே சுத்திச் சுத்தி வருது. தோலு மெலிஞ்சுக்கிட்டே போற மாதிரி இருக்கு."

கழுத்தார் குனிந்து பார்த்தார். மூலையில் உருண்டையாக ஒரு வயிறு தள்ளியிருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏ, எல்லாரும் வாங்கப்பா! நம்ம சந்து முழுகாம இருக்கா!"

தெரு அப்படியே குலுங்கியது. குழாய்களின் உலகத்தில் பிள்ளை என்றால் கிளைதான். முதலில் ஒரு மேடு தட்டும், மேடு நீளும், நீண்டு கிளையாகும். தெருவில் இருந்த எல்லாக் குழாய்களும் அப்படிப் பிறந்தவைதான். ஆனால் அதெல்லாம் செண்பகவல்லி தாய் வயிற்றில் இருந்த காலத்தோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகு தெருவில் ஒரு பிறப்பு இல்லை, ஒரு விசேஷம் இல்லை, ஒரு பந்தல் இல்லை. இத்தனை வருஷம் காய்ந்து கிடந்தவர்களுக்கு ஒரு மேட்டைக் காட்டினால் சும்மா இருப்பார்களா?

"பையனா இருந்தா என் பேரு வைக்கணும்" என்றார் கழுத்தார்.

"பொண்ணா இருந்தா?" என்றது நெற்றிப் பக்கத்துக் குழாய் ஒன்று.

"பொண்ணா இருந்தாலும் என் பேருதான்."

சந்தம்மாளுக்குப் பயம் பாதி, ஆசை பாதி. உள்ளே சுழல்கிற சுழலைப் பார்த்தால் பயமாக இருந்தது. ஆனால் நாற்பத்தாறு வருஷத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்ததில்லை. இப்போது வருகிற ஒவ்வொரு துளி ரத்தமும், "எப்படித் தாயி இருக்க?" என்று கேட்டுவிட்டுப் போயிற்று. கடைசியில் ஆசைதான் ஜெயித்தது. அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

இங்கே நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது பிள்ளை இல்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தி தூக்கியதால் சுவர் தளர்ந்து, ரத்தம் அடித்து அடித்துப் புடைத்த வீக்கம். அது வெடித்தால் தெருவே ரத்த வெள்ளத்தில் முங்கிவிடும். கூடவே செண்பகவல்லியும் போய்விடுவாள். தெருவில் இது யாருக்கும் தெரியாது.

நூலானுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. வேலை குறைவாக உள்ளவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்குமல்லவா?

"பெரியப்பா, கிளைனா ஒரு பக்கமா நீளணும்ல? இது உருண்டையாவே பெருக்குதே?"

"வந்துட்டான்யா மருத்துவச்சி!" என்றார் கழுத்தார். "உன்னால ஒரு வீட்டுக்கு ஒழுங்கா ரத்தம் கொடுக்க முடியல. அவ வயித்தப் பாத்துக் கண்ணு வைக்கியா?"

தெரு சிரித்தது. நூலான் வாயை மூடிக்கொண்டான். பாவம், அவன் குரலும் நூல்தான்.

இனி இமைதூக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் குழாய் இல்லை, நரம்பு. சந்தம்மாளுக்குச் சுவரொட்டிய பக்கத்து வீட்டுக்காரன். காலையில் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதுபோல் செண்பகவல்லியின் வலது இமையைத் தூக்கிப் பிடிப்பது அவன் வேலை. கண்ணை மேலும் கீழும் மூக்குப் பக்கமும் திருப்புவதும், வெளிச்சம் பட்டால் கண்மணியைச் சுருக்குவதும் அவன்தான். செண்பகவல்லி தூங்கும்போது மட்டும்தான் இமைக் கயிற்றை விடுவான். சந்தம்மாளை அவன் மதினி என்றுதான் கூப்பிடுவான்.

வயிறு பெருக்கப் பெருக்க அது அவன் கழுத்தில் சாய்ந்தது.

"தம்பி, இடிக்குதோ?" என்றாள் சந்தம்மாள்.

"சேச்சே, இல்ல மதினி. லேசா பட்டுக்கிட்டுக் கெடக்கு, அம்புட்டுத்தான்."

லேசாகவெல்லாம் இல்லை. அவனுக்குக் கழுத்து மரத்து, கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஆனால் பிள்ளைத்தாச்சியிடம் போய்த் தள்ளி உட்காரம்மா என்று யார் சொல்வது? நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவன் அவன். பல்லைக் கடித்துக்கொண்டு இமையைத் தூக்கினான்.

அவன் கை நடுங்கியதும் வெளியே வேடிக்கைகள் நடந்தன. செண்பகவல்லிக்கு வலது கண்ணுக்குப் பின்னால் வலித்தது. தைலம் தேய்த்தாள். திடீர் திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிந்தது. சத்துணவுப் பந்தியில் ஒரே பிள்ளையை இரண்டு பிள்ளையாகப் பார்த்து இரண்டு முட்டை வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை, முட்டைக்குத் தவிர.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றான் அவள் கணவன் வெயில்முத்து.

"ஒத்தத் தலைவலிங்க. பொங்கல் முடியட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

பொங்கல் முடிவதற்குள் காணும் பொங்கல் போட்டிகள் இருந்தன அல்லவா! மேலத்தெருப் பெண்களுக்கும் கீழத்தெருப் பெண்களுக்கும் வருஷா வருஷம் கயிறு இழுக்கும் போட்டி. கீழத்தெரு அணியின் கடைசி ஆள் செண்பகவல்லிதான். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவள் காலை ஊன்றினால், எதிரணி எட்டு பேரும் சேர்ந்து இழுத்தாலும் கோவில்பட்டி நகருமே தவிர அவள் நகர மாட்டாள். மூன்று வருஷமாகக் கோப்பை கீழத்தெருவில்தான் இருந்தது.

தெருவுக்குள்ளே கழுத்தாரும் அதே நாளைத்தான் குறித்தார்.

"அன்னைக்கு வெளிய மைக் செட்டு கட்டியிருப்பாக. பாட்டு எலும்பு வழியா நமக்கும் கேக்கும். நாம தனியா மேளம் சொல்ல வேண்டியதில்ல. அன்னைக்கே சந்துக்கு வளைகாப்ப வச்சிருவோம்."

காணும் பொங்கலன்று தெரு அமர்க்களப்பட்டது. வளையலுக்கு எங்கே போவது என்று யாரோ கவலைப்பட்டார்கள். ரத்தத்தில் உருண்டு வந்த சிவப்பணுக்கள், "நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று வரிசை கட்டி வந்து, சந்தம்மாளைச் சுற்றி வளையம் வளையமாக நின்றன. செண்பகவல்லி காலையில் இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டிருந்ததால் ரத்தம் தித்திப்பாகவே வந்தது. விருந்துக்கும் குறைவில்லை. சந்தம்மாளுக்கு வெட்கம் தாங்கவில்லை. நெற்றிப் பக்கத்துக் குழாய்கள் குலவை போட்டன. கழுத்தார் அழுதார், சிரித்தார், மறுபடியும் அழுதார்.

சுவரோரத்தில் இமைதூக்கி மட்டும் கயிற்றைப் பிடித்தபடி வியர்த்து நின்றான்.

வெளியே விசில் ஊதியது. "இழு!"

செண்பகவல்லி மூச்சை அடக்கிக் காலை ஊன்றினாள். நெஞ்சிலிருந்து ரத்தம் ஆற்று வெள்ளம்போல் ஏறி வந்தது.

"பாத்தீகளா, சீர்வரிசை வருது!" என்று கத்தினார் கழுத்தார்.

சீர்வரிசை சந்தம்மாளின் வயிற்றில் வந்து மோதியது. வயிறு விண்ணென்று புடைத்தது. தோல் வெங்காயச் சருகைப்போல் ஆகிவிட்டது.

"பெரியப்பா, வலிக்கு! பெரியப்பா, எனக்கு வலிக்கு!"

"வலி வந்துட்டா? எல்லாம் நல்லதுக்குத்தான்! ஏ, குலவையப் போடுங்க!"

குலவைச் சத்தத்தில் சந்தம்மாள் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. வெளியே முதல் சுற்றில் கீழத்தெரு ஜெயித்தது. பட்டாசு வெடித்தது. அடுத்த சுற்றிலும் ஜெயித்தால் கோப்பை.

நூலானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இன்னொரு இழுப்பை அந்தத் தோல் தாங்காது. கழுத்தாரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவன் தன் நூல் குரலை எல்லாம் சேர்த்து இமைதூக்கியிடம் கத்தினான்.

"அண்ணே! கயித்த விடுண்ணே!"

"என்னல சொல்லுத? பகல் நேரம்ல இது?"

"நம்ம பேச்சு வெளிய கேக்காது. உன் வேல ஒண்ணுதான் வெளிய தெரியும். நீ விட்டாத்தான் என்னமோ ஆயிப்போச்சுனு அவுக பாப்பாக!"

"அவுக என்ன நெனப்பாக? நாப்பத்தாறு வருஷமா ஒருநாகூட நான்..."

"அண்ணே, உனக்கு வலிக்குதா இல்லையா? அத மட்டும் சொல்லு."

இமைதூக்கியிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. அவனுக்குச் சட்டென்று கண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குடா. ரொம்ப வலிக்கு." பிறகு அவன் சந்தம்மாளைப் பார்த்தான். "மதினி, என்ன மன்னிச்சிருங்க. இதுக்கு மேல என்னால முடியல."

கயிற்றை விட்டான்.

வெளியே செண்பகவல்லியின் வலது இமை பொத்தென்று விழுந்தது.

அப்போது அவளுக்கு எதிரே நின்றவர் போட்டியின் நடுவர், விளையாட்டு ஆசிரியர் அழகுராஜா. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் செண்பகவல்லி தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள் என்று நினைத்து மனுஷன் ஆடிப்போய்விட்டார். வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்து நிமிர்ந்தால், இன்னமும் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறாள்!

"ஏ செம்பகம்!" என்று ஓரத்திலிருந்து கத்தினான் வெயில்முத்து. "கண்ண எதுக்கு மூடிக்கிட்டு நிக்க? கயித்தப் பாரு!"

செண்பகவல்லி விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, ரெண்டு கயிறுல்ல கெடக்கு! எதப் பிடிக்க?"

மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. மேலத்தெருக்காரிகள் கயிற்றைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். செண்பகவல்லியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஒரே ஒருத்தி சிரிக்கவில்லை. மேலத்தெரு அணியில் முதலாவதாக நின்ற ஜெபராணி. சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

அவள் கோட்டைத் தாண்டி ஓடி வந்து, செல்போன் விளக்கைச் செண்பகவல்லியின் கண்ணில் அடித்தாள். இடது கண்மணி சுருங்கியது. வலது கண்மணி அகல விரிந்தபடி அசையாமல் நின்றது.

"மதினி, கயித்த அவுருங்க. இப்பவே அவுருங்க!"

"இன்னும் ஒரே இழுப்புதான் தாயி. முடிச்சிட்டு நான் பாத்துக்கிடுதேன்..."

"நீங்க ஒண்ணையும் பாத்துக்கிட வேண்டாம்!" என்று ஜெபராணி போட்ட சத்தத்தில் மைக் செட்டே நின்றுவிட்டது. "வெயில்முத்தண்ணே, வண்டியக் கொண்டாங்க. மதுரைக்குப் போகணும். வழியில இவுகள நடக்க விடாதீங்க, சத்தம்போட்டுப் பேச விடாதீங்க, எதையும் தூக்க விடாதீங்க."

"பேச விடாம எப்பிடிம்மா..." என்று ஆரம்பித்த வெயில்முத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டி எடுக்க ஓடினான்.

தெருவுக்குள் வளைகாப்பு பாதியில் நின்றுபோனது. எல்லோருடைய கோபமும் இமைதூக்கி மேல் திரும்பியது.

"நல்ல நாளும் அதுவுமா வேலையப் போட்டுட்டு உக்காந்துட்டானே!"

"நரம்புக்காரங்கள விசேஷத்துக்குக் கூப்பிட்டதே தப்பு."

"ஒரு புள்ளத்தாச்சிக்காகக் கொஞ்சம் பொறுத்தா என்னவாம்?"

இமைதூக்கி சுவரில் சாய்ந்து கிடந்தான்.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து ஏறியதும் தெருவில் எல்லோருக்கும் கிறுகிறுவென்று வந்தது. எங்கோ டர்ரென்று சத்தம். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கூரை திறந்தது.

வெளிச்சம்! நாற்பத்தாறு வருஷமாக அரையிருட்டிலேயே குடித்தனம் நடத்தியவர்கள் முதன்முதலாக ஒருவர் முகத்தின் நிறத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏ, நீ இம்புட்டுச் செவப்பா?"

"பெரியப்பா, உங்க மேலெல்லாம் மஞ்ச மஞ்சளாக் கொழுப்பு அப்பிக் கெடக்கே!"

"அத ஏம்ல பாக்க? வேற எதையாவது பாரு!" என்றார் கழுத்தார்.

மேலே பச்சைத் தொப்பியும் பெரிய பூதக்கண்ணாடியுமாக ஒரு முகம் தெரிந்தது. டாக்டர் நிலோபர். அந்த அம்மாள் பக்கத்தில் நின்றவரிடம் பேசியது தெருவுக்கு அப்படியே கேட்டது.

"பாருங்க, பின்னாடி இருந்து வர்ற குழாய் குச்சியா இருக்கு. அதோட வேலையையும் சேர்த்து இந்தச் சந்துதான் பார்த்திருக்கு. பிறவி அமைப்பு. நிறையப் பேருக்கு இருக்கும், எல்லாருக்கும் வீங்காது. இவங்களுக்குப் பிரஷரும் சேர்ந்து இந்த மூலை பலூன் மாதிரி ஆயிடுச்சு. அங்க பாருங்க, உச்சியில ரத்தம் சுழல்றதுகூடத் தெரியுது. இன்னொரு தடவை முக்கியிருந்தா வெடிச்சிருக்கும்."

"அப்ப எப்படி மேடம் தப்பிச்சாங்க?"

"பக்கத்து நரம்பு இருக்கே, அது தாங்க முடியாம இமையை விட்டிருச்சு. அதனாலதான் வந்தாங்க. இது மட்டும் இன்னும் ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருந்தா, இவங்க நம்மகிட்ட வந்திருக்கவே மாட்டாங்க."

எல்லோரும் மெல்லத் திரும்பி இமைதூக்கியைப் பார்த்தார்கள். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சந்தம்மாள் தன் வயிற்றைப் பார்த்தாள்.

"அப்ப இது பிள்ள இல்லையா?"

அவள் அழுதாள். பிள்ளைக்கு வைக்கப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள்.

அப்போது மேலேயிருந்து பளபளவென்று ஒருவன் இறங்கி வந்தான். துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி, ஆனால் நகத்தளவுதான் இருந்தான்.

"வணக்கம். நான் கிளிப். வேலைக்குச் சேர வந்திருக்கேன்."

"என்ன வேலப்பா?" என்றார் கழுத்தார்.

"இந்த வீக்கத்தோட கழுத்தைப் பிடிக்கணும். இனி இதுக்குள்ள ரத்தம் போகாது. அக்காவோட சந்து வழி மட்டும் எப்பவும் போல ஓடும்."

சொல்லிக்கொண்டே பிடித்தான். வீக்கம் புஸ்ஸென்று அடங்கியது. சந்தம்மாளுக்கு மாசக்கணக்காக இல்லாத நிம்மதி வந்தது. அவளுக்கே தெரியாமல் பெருமூச்சு ஒன்று விட்டாள்.

கழுத்தார் பழைய கழுத்தார்தானே! தொண்டையைச் செருமினார்.

"தம்பி, வாட்டசாட்டமா இருக்கீக. சும்மா பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கப் போறீக? அப்பிடியே நெத்திப் பக்கம் ஒரு மூலை கொஞ்சம் தளந்து கெடக்கு, அதையும்..."

"அது என் வேலை இல்லைங்க."

"இல்ல, கூடமாட..."

"முடியாதுங்க. நான் ஒண்ணுதான் பிடிப்பேன். ரெண்டாவதுக்கு ரெண்டாவது கிளிப்."

தெரு வாயைப் பிளந்தது. முடியாது என்ற சொல்லை இவ்வளவு மரியாதையாகச் சொல்லலாம் என்று அங்கே யாருக்கும் அதுவரை தெரியாது. நூலான் களுக்கென்று சிரித்துவிட்டான். அழுதுகொண்டிருந்த சந்தம்மாளும் சிரித்துவிட்டாள். சிரிப்பு வட்டத் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தது. கூரை மூடுகிறவரை அது அடங்கவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் சில மாற்றங்கள். தினமும் காலையில் மாத்திரை வந்தது. வெயில்முத்து பக்கத்திலேயே நின்று விழுங்க வைத்தான். ரத்தம் ஆற்றோட்டமாக நிதானமாக வந்தது. இமைதூக்கிக்கு உடனே எழுந்திருக்க முடியவில்லை. முதல் மாதம் இமை அசையவே இல்லை. இரண்டாம் மாதம் கால்வாசி தூக்கினான். முன்பு போலிருந்தால் கழுத்தார், "என்னல இன்னும் படுத்துக் கெடக்க?" என்று கேட்டிருப்பார். இப்போது சந்தம்மாள் முந்திக்கொண்டாள்.

"தம்பி, மெல்ல எந்திரி. அவசரம் ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு எம்மேல வருத்தம் இல்லையே மதினி?"

"அன்னைக்கு இருந்துச்சு. வளைகாப்புல கயித்த விட்டுட்டியேன்னு." அவள் சற்று யோசித்தாள். "அத்தன பேரும் குலவை போட்டாக. நீ ஒருத்தன்தான் என் வலி உனக்கும் வலிக்குனு சொன்ன."

மூன்றாம் மாதம் முடிகிறபோது இமை முழுவதும் மேலேறி நின்றது. செண்பகவல்லிக்குக் கயிறு ஒரே கயிறாகத் தெரிந்தது. இனி அவள் இழுக்கக் கூடாது, நடுவராக வேண்டுமானால் நிற்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழகுராஜா அன்றே விசிலைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று தெருவில் எல்லோரும் இமைதூக்கியைச் சுற்றி நின்று ஆரவாரம் செய்தார்கள். நூலான் பாட்டுக்கூடப் பாடினான். நூல் குரலாக இருந்தாலும் எல்லோரும் கேட்டார்கள். கழுத்தார் மட்டும் ஒரு ஓரமாக நின்றார். எதையோ சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"என்ன பெரியப்பா?" என்றாள் சந்தம்மாள்.

"ஒண்ணுமில்ல."

"சும்மா சொல்லுங்க."

கழுத்தார் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அந்தத் தெருவில் யாரும் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னார்.

"எனக்கும் இங்கன ஒரு இடத்துல கொஞ்சம் வலிக்கும்மா."

பாட்டு நின்றது. எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். குனிந்து, அந்த இடத்தை உற்றுப் பார்த்தார்கள்.

இந்த முறை யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை.